சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டு பூசினேன்

2013 மே மாதம் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றேன். அறிவியல் ஆசிரியையாக 31 ஆண்டுகள். கைக்கு வந்த பணத்தை என்ன செய்வது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்று வாங்கச் சொன்னான் மகன். எனக்கு அது பிடிபடவில்லை. நான் பிறந்து வளர்ந்த கும்பகோணத்தில், மேலக்காவேரி முதல் அரசலாற்றங்கரை வரை எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கும், எந்தத் தெருவில் வாடகைக்கு ஆள் வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்த ஊரில் வாங்குவோம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் இன்றும் எனக்கு வருத்தமில்லை. அதற்குப் பிறகு அவசரமாக எடுத்த சில முடிவுகளில்தான் வருத்தம். பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்து வாடகைக்கு விட நினைப்பவர்கள் அவற்றைத் தெரிந்துகொண்டால் நல்லது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வீட்டை 24 லட்சத்துக்கு வாங்கினேன். திண்ணை, ரேழி, கூடம், நடுவில் சிறிய முற்றம், பின்னால் சமையலறை, கொல்லை என்று நீளமாகப் போகும் வீடு. சுவரெல்லாம் சுண்ணாம்புச் சாந்தில் வைத்த பழைய செங்கல். கூடத்தின் மேல் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைச் சாய்வாகக் குத்திட்டு அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிக் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்த தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை ஊற்றி அடித்தது என்று விற்றவர் பெருமையாகச் சொன்னார். உண்மையாகத்தான் இருக்கும், அந்தத் தளம் இன்றுவரை ஒழுகவில்லை.

கூடத்துச் சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை பூச்சு உதிர்ந்திருந்தது. தொட்டால் மாவு மாதிரி வந்தது. வேலை எடுத்தவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாம் செத்துப்போன பூச்சு அம்மா. கொத்திவிட்டு, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்துச் சிமெண்டு பூசி, பட்டி வைத்து பெயின்ட் அடித்தால் புது வீடு" என்றார். கேட்கவே இதமாக இருந்தது. 2014 சித்திரையில் வேலை முடிந்தது. வழவழவென்று பாலாடை நிறத்தில் நின்ற அந்தச் சுவரைப் பார்க்க உறவுக்காரர்களைக் கூட்டி வந்து காட்டினேன்.

ஆனி மாதம் முன்பக்கப் பகுதிக்கு ஒரு செவிலியர் குடும்பம் குடிவந்தது. கணவன், மனைவி, மூன்று வயதுக் குழந்தை. மார்கழியில் அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கட்டிலை நகர்த்தியிருந்தார்கள். சுவரில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயின்ட் கொப்பளித்து நின்றது. விரலால் அழுத்தினேன். உடைந்து, உள்ளிருந்து குளிர்ச்சியாக, பிசுபிசுப்பாக வெள்ளைத் தூள் வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. அதைப்போல இன்னும் இருபது கொப்புளங்கள். முன்பு இடுப்பளவில் நின்ற ஓதம், அதாவது மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரம், இப்போது தோள் உயரத்துக்கு, சிமெண்டு பூசிய இடத்துக்கும் மேலே ஏறியிருந்தது. குழந்தைக்கு இரவில் இழுப்பு வருகிறது என்றார் அந்தப் பெண். என்மேல் குறை சொல்லும் தொனியே அவர் குரலில் இல்லை, அதுதான் என்னை அதிகம் வருத்தியது. அடுத்த பங்குனியில் அவர்கள் காலி செய்தார்கள். வாங்கியிருந்த முன்பணத்தை ஒரு ரூபாய்கூடப் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்தேன். ஆனாலும் அந்தக் குழந்தையின் இருமல் என் காதில் வெகுநாள் இருந்தது.

ஊறுகின்ற நீர் நுண்துளைகளில் ஏறும் என்று வருடா வருடம் வகுப்பில் மை, திரி, கண்ணாடிக் குழாய் எல்லாம் வைத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். என் சுவரில் நடந்ததும் அதேதான் என்று எனக்கு விளக்க எழுபது வயதுக் கொத்தனார் ஒருவர் வர வேண்டியிருந்தது. கோயில் திருப்பணிகளில் வேலை பார்த்தவர். சுவரைக் கரணையின் பின்புறத்தால் தட்டிக்கொண்டே நடந்தார். பிறகு சொன்னார்: "அந்தக் காலத்து அஸ்திவாரத்தில் ஓதம் தடுக்கும் அடுக்கு கிடையாது அம்மா. மண் ஈரம் மேலே ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை ஏறிய ஈரம் காற்றில் காய்ந்துகொண்டிருந்தது. நீங்கள் ஈரத்துணிக்கு மேல் பிளாஸ்டிக்கைப் போர்த்திவிட்டீர்கள். அது வெளியேற வழி தேடி இன்னும் மேலே போகிறது."

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் வண்டல் மண்ணில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. மண்ணில் ஈரம் இல்லாத நாள் குறைவு. அந்த ஈரம் உப்பையும் கரைத்துக்கொண்டு ஏறுகிறது. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகித் தன் முன்னால் இருப்பதைத் தள்ளுகிறது. உதிர்ந்துகொண்டிருந்த பழைய பூச்சு அந்த உப்பைத் தான் வாங்கிக்கொண்டு செங்கல்லைக் காப்பாற்றியது. அது சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பெயர்த்துப் புதிதாகப் பூச வேண்டிய பூச்சு. அதைத்தான் நாங்கள் செத்துப்போனது என்று சொல்லிவிட்டோம்.

2016 மகாமகத்துக்கு ஊரே வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது நான் பூச்சைப் பெயர்த்துக்கொண்டிருந்தேன். ஓதம் தெரிந்த கோட்டுக்கு மேல் இரண்டடி வரை சிமெண்டைக் கொத்தி எடுத்து, செங்கல்லை அப்படியே ஒரு கோடை முழுவதும் காயவிட்டோம். இதற்குள் கொல்லையைத் தோண்டிப் பார்த்ததில், சுவரை ஒட்டி ஓடிய பழைய சாக்கடைக் குழாய் ஒரு முழத்துக்கு உடைந்து, போன தண்ணீரெல்லாம் அஸ்திவாரத்தில் இறங்கியிருந்தது தெரிந்தது. முற்றத்துத் தரையும் சுவர்ப் பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டையும் சரிசெய்த பிறகுதான் கொத்தனார் பூச்சில் கை வைத்தார். தொட்டியில் வாரக்கணக்கில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணலும் செங்கல் தூளும் சேர்ந்து மூன்று பங்கு. பூசியதை நாள்கணக்கில் நனைத்துக் காத்தார். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் எதுவும் இல்லை, சுண்ணாம்பு அடிப்பு மட்டும். ஓதம் முழுவதும் போய்விடவில்லை. மழைக்காலத்தில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு நிறம் மங்கும், தை பிறந்தால் காய்ந்துவிடும். கொப்புளம் இல்லை, தூள் இல்லை, வாடை இல்லை.

இந்தப் பாடத்துக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் ரூபாயும், முன்பகுதி பூட்டிக் கிடந்த 15 மாத வாடகையும் விலை. கொல்லையை முதலிலேயே தோண்டிப் பார்த்திருந்தால் இதில் பாதிகூட ஆகியிருக்காது. பழைய வீட்டுச் சுவரில் ஈரம் தெரிந்தால் பூச்சுக்காரரைக் கூப்பிடாதீர்கள். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்: உடைந்த குழாய், தவறான வாட்டம், நிரம்பி வழியும் மேல்நிலைத் தொட்டி, வீட்டைவிட உயர்ந்துபோன தெரு. கடைசியாகச் சொன்னது நம் ஊர்களின் பெரிய துன்பம். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் தார் போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்குள் இன்று இறங்கிப் போகிறோம். எந்தப் பழைய வீட்டைப் பார்த்தாலும் இப்போது நான் முதலில் அளப்பது தெருவுக்கும் நிலைப்படிக்கும் உள்ள உயர வித்தியாசத்தைத்தான். தெரு மேலே இருந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம் என்று வந்துவிடுகிறேன்.

முதல் வீட்டின் கணக்கையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். விலை 24 லட்சம், பதிவு வகையில் ஏறத்தாழ 1 லட்சத்து 90 ஆயிரம், 4 லட்சம் என்று தொடங்கி 7 லட்சத்து 30 ஆயிரத்தில் முடிந்த வேலை. மொத்தம் 33 லட்சத்துக்குச் சற்று மேல். இரண்டு பகுதிகளின் வாடகை சேர்த்து மாதம் 11,500 ரூபாய். சொத்து வரி, தண்ணீர் வரி, சில்லறை வேலைகள், ஆள் மாறும்போது காலியாக நிற்கும் மாதம் எல்லாம் போக ஆண்டுக்குக் கையில் நின்றது 1 லட்சம். நூற்றுக்கு 3. அதே சமயம் வங்கியில் வைப்புத் தொகைக்கு 9 சதவீதம் வரை வட்டி கொடுத்தார்கள். வாடகை ஏறும், மனையின் மதிப்பு கூடும் என்பது உண்மைதான், எனக்கும் கூடியது. ஆனால் கடன் வாங்கி இதில் இறங்கினால் மாதத் தவணையை வாடகை அடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டடம் பழையது என்றால் வங்கி கொடுக்கும் தொகையும் குறைவு. சொந்தப் பணம் இருந்து, பத்து ஆண்டுகள் அதைத் தொட வேண்டிய அவசியம் இல்லாதவர்களுக்குத்தான் இந்த வழி.

இரண்டாவது வீட்டுக்கு வருகிறேன். அதை வாங்குவதற்கு முன் ஒரு வீடு கைநழுவிப் போனது, நல்லவேளையாக. கோயிலை ஒட்டிய தெரு, அழகான தூண்கள், விலையும் மலிவு. முன்பணம் கொடுக்கத் தயாராக இருந்தேன். பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டியபோது அவர் ஒரே சொல்லில் விரலை வைத்தார்: "மேல்கட்டடம்". விற்பவருக்கு உரிமையானது கட்டடம் மட்டும், அடிமனை கோயிலுடையது. நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுத்துப் பார்த்தபோது அதில் கோயில் பெயரே இருந்தது. கோயில் ஊர்களில் இது அபூர்வமில்லை. வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். அதில் கட்டடக் கைமாற்றங்கள் வரிசையாக, சுத்தமாகத் தெரியும். மண் யாருடையது என்று பட்டாவும் நில அளவைப் பதிவேடும்தான் சொல்லும்.

நான் வாங்கிய வீட்டிலும் சிக்கல் இருந்தது, வேறு வகையில். தகப்பனார் உயில் எழுதாமல் இறந்திருந்தார். மூன்று மகன்கள் கையெழுத்துப் போட வந்தார்கள். வாரிசுச் சான்றில் நான்கு பெயர். "அக்காவுக்கு அப்போதே சீர் செய்து கொடுத்துவிட்டோம்" என்றார் மூத்தவர். சீர் செய்ததால் பங்கு போய்விடாது. தகப்பனின் சுய சம்பாத்தியத்தில் மகளுக்குப் பங்கு 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே உண்டு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பிறப்பாலேயே சம உரிமை என்பதைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. 2005-ல் அது நாடு முழுவதற்கும் ஆனது. 2020-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதி செய்தது. அக்காவிடம் பேச நானே மும்பைக்குத் தொலைபேசினேன். "என்னை ஒருவர் கேட்கிறாரே, அதுவே போதும்" என்றார் அந்த அம்மாள். தம்பிகளோடு பேசித் தனக்குரியதைப் பெற்றுக்கொண்டு, அவரும் பதிவுக்கு நேரில் வந்து கையெழுத்திட்டார். சட்டத்துக்காக மட்டும் நான் இதை வற்புறுத்தவில்லை. ஒரு பெண்ணின் பங்கை மறைத்து வாங்கிய வீட்டில் நான் விளக்கேற்ற முடியாது.

2018 புரட்டாசியில் ஒப்பந்தம் போட்டு, தையில் பதிவு என்று நாள் குறித்தோம். மழைக்காலத்தை நடுவில் வைத்தது வேண்டுமென்றே. பழைய வீட்டைச் சித்திரையில் பார்ப்பது, பெண்ணைக் கல்யாண அலங்காரத்தில் மட்டும் பார்ப்பது மாதிரி. ஐப்பசி, கார்த்திகையில் பார்க்க வேண்டும். பின்சுவரில் கோணலாக ஒரு விரிசல், கூடத்தில் இரண்டு. விரிசலின் அகலம் முக்கியமில்லை, அது இன்னும் நகர்கிறதா என்பதுதான் கேள்வி. என்னிடம் பழைய பள்ளிப் பெட்டியில் நுண்ணோக்கிக்கு வைக்கும் கண்ணாடித் துண்டுகள் இருந்தன. விற்பவரிடம் சொல்லிவிட்டு, மூன்று விரிசல்களின் குறுக்கேயும் ஒவ்வொரு துண்டை வைத்து, இரண்டு முனைகளையும் சாந்தால் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினேன். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் அந்த மெல்லிய கண்ணாடி தாங்காது.

கஜா புயல் வந்த ஆண்டு அது. பட்டுக்கோட்டைப் பக்கம் பட்ட அடி எங்களுக்கு இல்லை, மழை மட்டும் பிடித்துக்கொண்டது. மார்கழியில் போய்ப் பார்த்தேன். கூடத்துத் துண்டுகள் இரண்டும் முழுதாக இருந்தன. அவை என்றோ நகர்ந்து அடங்கிய விரிசல்கள். பின்சுவரில் ஒட்டியது நடுவில் சுத்தமாக இரண்டாகப் பிளந்திருந்தது. அதன் கீழே தோண்டினால், எதிர்பார்த்தபடியே, உடைந்த கழிவுநீர்க் குழாயும் அதைத் தேடி வந்த வேப்பமர வேரும். சுவரின் அந்த மூலையைக் கீழிருந்து பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும் என்று காட்டி விலையில் 2 லட்சம் குறைத்துக்கொண்டேன். 31 லட்சத்துக்கு முடிந்தது. அப்போது முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம். 2023-ல் பதிவுக் கட்டணம் 2 ஆகக் குறைந்தது, கூடவே வழிகாட்டி மதிப்பு ஏறியது. வீட்டு விலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேசப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள்.

வேலை தொடங்கிய முதல் நாள், மொட்டைமாடியில் இருந்த கீற்றுக் கொட்டகையைப் பிரிக்கச் சொன்னேன். நிழலுக்கு இருக்கட்டுமே என்றார்கள். 2004 ஜூலை 16 அன்று இதே ஊரில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். நான் ஆசிரியை. குடும்பங்கள் குடியிருக்கும் வீட்டின் மேல் கீற்று இருக்கக் கூடாது.

மரத்தை ஆசாரி பார்த்தார். உத்தரங்களின் நடுப்பகுதி கல் மாதிரி இருந்தது. சுவருக்குள் புதைந்த முனைகள்தான் ஆபத்து, ஈரம் அங்கேதான் சேரும். கூரான உளியால் ஒவ்வொரு முனையையும் குத்திப் பார்த்ததில் ஒன்றில் உளி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. வெளியே சுண்ணாம்படிப்பு அப்படியே இருக்க, உள்ளே கறையான் அரித்து ஓட்டை. அந்த உத்தரத்துக்கு மட்டும் கீழே இரும்பு கொடுத்தோம். சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓரடிக்கு ஒரு துளை போட்டுக் கறையான் மருந்து செலுத்தினோம்.

வயரிங்கை மீதியே வைக்காமல் மாற்றுங்கள், இதில் பேரம் கூடாது. மரச்சட்டத்தின் மேல் ஓடும் பழைய வயரிங் ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு என்ற காலத்துக்குப் போட்டது. எர்த் கிடையாது. இன்று குடிவருபவர் ஏசி, கீசர், இண்டக்ஷன் அடுப்போடு வருகிறார். தாமிர வயர், ஏசிக்குத் தனி இணைப்பு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இதெல்லாம் அழகு சேர்க்காது, ஆனால் ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் ஒரு பிள்ளையைக் காப்பாற்றும். சுண்ணாம்புச் சுவரைக் குறுக்கே வெட்டிக் குழாய் புதைக்கவும் விடவில்லை, சுவருக்கு வெளியிலேயே குழாயில் ஓடட்டும் என்றேன். இரண்டு பகுதிகளுக்கும் தனித்தனி மின் இணைப்பு. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் குடியிருப்பவர்களுக்கும் அது நிம்மதி, யார் எவ்வளவு எரித்தது என்ற வழக்கும் வராது.

அடுத்து கழிப்பறை. பழைய வீடுகளில் அது கொல்லைக் கோடியில் இருக்கும். இரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மழையில் கொல்லைக்குப் போக இன்று யாரும் வாடகை கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் தேவையில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் உள்ளேயே ஒன்று கட்டினோம், பழைய சுவரில் ஒட்டாமல் அரை அடி இடைவெளி விட்டு, தனிச் சுவரோடு. முதல் வீட்டில் பாலாடை நிறப் பெயின்டுக்குச் செலவழித்த பணத்தை அன்றே இதில் போட்டிருக்க வேண்டும். முற்றத்தைத் தகரம் போட்டு மூடி ஓர் அறை கூட்டலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை. வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் அந்த வழியாகத்தான் வருகிறது. கம்பி அழி மட்டும் வைத்தேன்.

9 லட்சத்தில் வேலை முடிந்து, 2019 கார்த்திகையில் வாடகைக்கு விட்டேன். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. எழுத்து மூலமான ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொண்டிருந்தாலொழிய முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பத்து மாத முன்பணம் வாங்கிப் பழகியவர்களுக்கு இது கசக்கிறது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஓர் இளம் விரிவுரையாளர் குடும்பம் தன் சேமிப்பு முழுவதையும் என்னிடம் அடகு வைத்துவிட்டு ஏன் குடியேற வேண்டும்? வாடகை எவ்வளவு, எப்போது எவ்வளவு ஏறும், குழாய் கெட்டால் யார் செலவு, வெள்ளையடிப்பது யார் என்று எல்லாம் எழுத்தில் இருப்பது இரண்டு பேருக்கும் நல்லது. வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைச் செலவுக்கென்று கழித்துத்தான் வருமான வரி கணக்கிடுவார்கள், கட்டிய சொத்து வரியும் கழியும். ஆகவே ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

பின்சுவரைப் பிரித்துக் கட்டிய பிறகு அதே மூலையில் ஒரு புதுக் கண்ணாடித் துண்டை ஒட்டினேன். பக்கத்தில் தேதி, 12.10.2019. சென்ற மாதம் தண்ணீர்த் தொட்டி பார்க்கப் போனபோது, பின்பகுதியில் குடியிருப்பவர்களின் மகள், ஆறாம் வகுப்பு படிப்பவள், கேட்டாள்: "பாட்டி, இது ஒன்றும் ஆகவில்லையே, எடுத்துவிடலாமா?" கிட்டே போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கீறல்கூட இல்லை. "இந்த ஐப்பசியும் போகட்டும்" என்றேன். அவள் உள்ளே போய்ப் பென்சில் எடுத்து வந்து, என் தேதிக்குக் கீழே அன்றைய தேதியை எழுதினாள்.